அக்காவிடம் நான் சொன்ன பொய்

அரசு இணையதளம் ஒன்றின் பொறுப்பில் இருக்கும் அதிகாரி அவர்களுக்கு,



கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, பட்டா, முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் இணையதளத்தில் இருக்கும் கண்காணிப்பு நிரலை எடுக்கச் சொல்லி உங்களுக்கு மூன்று மனு அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு ஒரே வரி வந்தது: பார்வையாளர் எண்ணிக்கைக்காக எல்லா இணையதளங்களிலும் உள்ள நடைமுறைதானாம். இனி ஊரறிய எழுதுவதைத் தவிர வழியில்லை. துறையின் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். விதிகளையும் எழுதவில்லை, என்னைவிட அவை உங்களுக்கு அத்துப்படி. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கருணாபுரத்து அக்கா ஒருவர், கடையில் கூட்டம் வடிந்த நேரமாகப் பார்த்து வந்தார். தெருவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறினார். தம்பி குடிக்கிறான், நிறுத்த வைக்க அரசாங்கத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கு மேல் பலி வாங்கியபோது, அதிகம் பறிகொடுத்த ஊர் கருணாபுரம். அங்கே இருந்து வந்து 'என் தம்பி குடிக்கிறான்' என்று வாய்விட்டுச் சொல்லவே ஒரு தைரியம் வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் தேட வேண்டாம் என்றார். மூலையில் கண்ணாடி விரிந்த தன் போனை நீட்டினார். உங்கள் இணையதளத்தில் குடிப்பழக்க மறுவாழ்வு பற்றிய பக்கத்தை அதில் திறந்து கொடுத்தேன். விரலால் மெல்ல மெல்லத் தள்ளிப் படித்தார். எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதைப் பாத்தது யாருக்காவது தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா. கவர்மெண்ட் சைட்டுதானே."

அவர் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அதே பக்கத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து எஃப் 12 பொத்தானை அழுத்தி, அந்தப் பக்கம் எங்கெங்கே பேசுகிறது என்று பார்த்தேன். உங்கள் சர்வர் முகவரிகளின் நடுவே வெளிநாட்டு விளம்பர நிறுவனம் ஒன்றின் முகவரி நின்றது. அங்கே போன வரியைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்தின் முழு முகவரி, அதன் தலைப்பு, எங்கிருந்து வந்தேன், திரையின் அளவு, மொழி, கூடவே என் பிரவுசருக்கு அது போட்டிருக்கும் அடையாள எண். அந்த எண்ணைச் சுமக்கும் குக்கீயின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் மேல். தலைப்பில் 'மறுவாழ்வு' என்ற சொல் அப்படியே இருந்தது. அக்காவின் போனிலிருந்தும் இதுதான் போயிருக்கும்.

அடுத்து, சாராய விற்பனை பற்றிப் புகார் சொல்லும் பக்கத்தைத் திறந்தேன். அதிலும் அதே நிரல்.

ஐயா, எங்கள் ஜனங்கள் புகார் சொல்லத் தயங்குவது எதனால்? 'சொன்னது யாருன்னு தெரிஞ்சிடும்' என்ற ஒரே பயத்தால்தான். அந்தச் சாராயச் சாவுகள் நடந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் காவல் நிலையமும் இருந்தது, நீதிமன்றமும் இருந்தது. அந்தப் பயத்தையும் மீறி ஒருவர் ராத்திரியில் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்றால், அது சாதாரணக் காரியமா? அவர் ஒரு எழுத்து அடிக்கும் முன்பே, இன்ன போன் இந்தப் பக்கத்துக்கு வந்தது என்று மூன்றாம் ஆளிடம் சொல்லிவிடுகிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா?

எல்லா இடத்திலும் இருப்பதுதான் என்று எழுதினீர்கள். 2022 ஜூனில் தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் அந்த நாட்டின் 100 முன்னணி மருத்துவமனைகளின் இணையதளங்களைச் சோதித்தது. 33இல் ஃபேஸ்புக்கின் கண்காணிப்பு நிரல் இருந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் பொத்தானை நோயாளி அழுத்தியதுமே ஃபேஸ்புக்குக்குத் தகவல் போனது. கேள்வி எழுந்ததும் சில மருத்துவமனைகள் நிரலை எடுத்துவிட்டன. நான் மூன்று முறை கேட்டும் நீங்கள் எடுக்கவில்லை.

எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் திறக்காமல் திணறுகிறது என்று தெரிந்தால்தான் தளத்தைச் செப்பனிட முடியும். கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி நடக்கிறவர்களுக்கு அதனால் நல்லதுதான். அந்தக் கணக்கை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மட்டோமோ என்ற மென்பொருள் 2007இல் பிவிக் என்ற பெயரில் வந்தது. காசு கொடுக்காமல் சொந்த சர்வரில் நிறுவலாம். ஐரோப்பிய ஆணையம் தன் இணையதளங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது. குக்கீ இல்லாமலும் ஓடும். ஐபி முகவரியின் கடைசிப் பகுதிகளை அழித்துவிட்டுப் பதியும். பழைய பதிவுகளைக் குறித்த நாளில் தானே அழிக்கும்.

ஆனால் சர்வர் உங்களுடையது என்பதாலேயே அக்கா பத்திரமாகிவிட மாட்டார். அந்தப் பதிவேட்டை யார் திறக்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கருணாபுரத்தில் யாரையும் தெரியாது. உள்ளூர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாரையும் தெரியும். ஆகவே புகார்ப் பக்கத்திலும் மறுவாழ்வுப் பக்கத்திலும் ஆளைத் தொடரும் எதுவுமே வேண்டாம். இன்று இத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒற்றை எண் உங்களுக்குப் போதும். போதாது என்றால், அதற்கு மேல் எதற்கு என்று அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சாராயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று திறப்பவர்களுக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள். மூன்று மனுவுக்குப் பிறகு, தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

அக்கா போன வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்ன சொல்லை இன்னும் நம்புகிறார். அது பொய் என்று போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நிரலை எடுப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும் ஐயா? அதை எடுத்து, அன்று நான் சொன்னதை மெய்யாக்குங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர்காரன்,
கள்ளக்குறிச்சி