சுண்டிக்குளத்தைக் காப்பவர் யார்?

கண்டாவளை விவசாயிகளுக்கும் வடமராட்சி கிழக்கின் கடற்றொழிலாளருக்கும் சுண்டிக்குளம் புதிய பெயரன்று. ஆனையிறவுக் கடனீரேரியின் கீழைக் கோடியில், மாரி பிறந்ததும் பூநாரைகள் வந்திறங்கும் அவ்வுவர்நிலம் 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. நிலம் உயர்ந்தது, சரி. அதன் அயலில் வாழும் குடியானவன் எங்கே நிறுத்தப்பட்டான்?

சட்டம் யாது கூறுகின்றது? 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சரணாலயத்தினுள் தனியார் காணியும் அடங்கலாம். தேசிய பூங்காவோ முற்றிலும் அரச காணி. அனுமதியின்றி உட்புகுதல் குற்றம். பறவையைச் சுடுபவனைத் தடுக்க இவ்விதி வேண்டியதே, எமக்கு மறுப்பில்லை. ஆயின் கொழும்பிலிருந்து சீட்டு வாங்கி வருபவர் விருந்தாளியாகவும், வழிதவறிய மாட்டைத் தேடி வந்த அயலூரவன் குற்றவாளியாகவும் ஆகும் நிலை நீதியாகுமா? காவலாளர் சிலரை நிறுத்தி, பத்தொன்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை ஊராரைப் பகைத்துக் காக்க எந்தத் திணைக்களத்தாலும் இயலாது.

ஆகவே ஊரவர் தொண்டர்களாக, சட்டம் அறிந்த உரிமையோடு, அந்நிலத்தினுள் செல்லல் வேண்டும். செய்யத்தக்க பணி ஏராளம். கரையொதுங்கும் அறுந்த வலைகளையும் பிளாஸ்டிக்கையும் அகற்றலாம். நடைபாதை ஒன்று அமையின், மாரி வெள்ளம் அதனை அரித்து வாய்க்காலாக்கிவிடாதபடி நீரைக் குறுக்கே வெட்டிவிடும் வேலை ஆண்டுதோறும் உண்டு. வரம்பு கட்டிப் பழகிய விவசாயிக்கு அதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முழுவதும் தொண்டர்களையே நம்பியிருக்கின்றது. எமது ஆசிரியர்களும் வைத்தியர்களும் இதிற் பங்குகொள்ளலாம்; படமெடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடும் அன்பர்களைக் குறித்து நான் பேசவில்லை.

இங்கிலாந்தில் 1895 ஆம் ஆண்டு தேசிய நம்பிக்கை நிதியத்தை நிறுவிய மூவருள் ஒருவரான ரொபேட் ஹன்ரர் ஒரு சட்டத்தரணி. காணியைப் பெறுவதோடு அமையாது, அதனை என்றும் பராதீனப்படுத்த இயலாததெனப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை 1907 ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்நிறுவனம் பெற்றது. இன்று பல்லாயிரந் தொண்டர்கள் அங்கே மதில் திருத்துகின்றனர், பாதை செப்பனிடுகின்றனர். நாளை எவரும் அதனை விற்றுவிடமாட்டார் என்ற உறுதி அவர்களுக்குண்டு. அங்குள்ள காணி அரசினுடையதன்று. ஆதலால் ஒப்புமை முழுமையானதன்று. எனினும் உழைப்பவனுக்கு எழுத்திலே உறுதி வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

எமக்கும் இது அந்நிய வழக்கமன்று. வன்னிக் குளக்கட்டினை வயலின் அளவுக்கேற்பப் பங்கிட்டு, அவரவர் தத்தம் பங்கினைத் திருத்திய முறையை முதியோர் அறிவர். கட்டைத் திருத்தியவனுக்கு நீரிலும் பங்கிருந்தது. அப்பங்கினை மறுத்துவிட்டு உழைப்பை மட்டும் கேட்பது தொண்டன்று. அதற்கு ஊழியம் என்று பெயர். கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டென்ற போர்வையில் ஊரார் தலையிற் சுமத்தவும் இடமளிக்கலாகாது.

எனவே வனசீவராசிகள் திணைக்களம் கிராம அபிவிருத்திச் சங்கங்களுடனும் கடற்றொழிலாளர் சங்கங்களுடனும் உடன்படிக்கை செய்தல் வேண்டும். அது தமிழில் இருத்தல் வேண்டும். தொண்டர் எவ்வழியாகச் செல்லலாம், எந்நீரில் எக்காலத்தில் தொழில் செய்யலாம், பணியிற் காயமுற்றால் எவர் பொறுப்பு என்பன அதிலே தெளிவாக எழுதப்படல் வேண்டும். அதன் வரைவை இலவசமாக எழுதிக்கொடுக்க யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் சட்டத்தரணிகள் முன்வருவர் என நம்புகின்றேன். சங்கங்கள் முதலில் கூடித் தத்தம் வழமையான பாதைகளையும் தொழிலிடங்களையும் வரைபடத்திற் குறிக்கட்டும். அடுத்த மாரிக்கு முன் அவ்வரைபடம் திணைக்களத்தின் மேசைக்குச் செல்லல் வேண்டும்.