பூவாத காலத்துக் குறிஞ்சி

பண்டைத் தமிழர் மலையையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி என அழைத்தனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைத்த 99 மலர்களுள் குறிஞ்சியும் ஒன்று. அப்பெயருக்குரிய செடி நீலக்குறிஞ்சி என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள உயர்ந்த புல்வெளிகளே அதன் முதன்மையான தாயகம். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மூணாற்றுக் குன்றுகள் ஆகிய இடங்களில் அதனைக் காணலாம்.

இச்செடியின் வாழ்க்கை வியப்புக்குரியது. அது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். ஓரிடத்துச் செடிகள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் மலர்வதால் மலைச்சரிவே நீலப் போர்வை போர்த்ததுபோல் தோன்றும். பூத்து விதை முதிர்ந்ததும் செடி மடிந்துவிடும். மண்ணில் விழுந்த விதையே அடுத்த தலைமுறையாகும். மூணாற்றுப் பகுதியில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் குறிஞ்சி மலர்ந்தது. அடுத்த மலர்ச்சி 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது.

மலர்ந்த காலத்தில் குறிஞ்சியைக் காண மக்கள் திரள்கின்றனர். சிலர் கொத்துக் கொத்தாகப் பறித்தும் செல்கின்றனர். ஒரு கொத்தைப் பறிப்பதால் என்ன குறைந்துவிடும் என வினவுவாரும் உளர். ஆண்டுதோறும் பூக்கும் செடிக்கு மறு ஆண்டு உண்டு. குறிஞ்சிக்கோ அஃது இல்லை. விதையாகுமுன் பறித்த பூ, பிறவாமலே அழிந்த செடியன்றோ?

எனினும், பறிப்பவர் செய்யும் தீங்கினும் பெரிது, பூவாத காலத்தில் நேரும் தீங்கு. பதினோர் ஆண்டுகள் குறிஞ்சி வெறும் புதராகவே நிற்கிறது. அதனால் அது வளரும் புல்வெளியைப் பயனற்ற தரிசு என மாந்தர் எண்ணிவிடுகின்றனர். தேயிலைத் தோட்டங்களும், அயல்நாட்டுத் தைலமரங்களும் சீகைமரங்களும் அப்புல்வெளிகளிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டன. காட்டுத்தீயும் எஞ்சியதை எரிக்கின்றது. கேரள அரசு 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது நற்செயலே. ஆயினும், அறிவிப்பு மட்டும் வேலியாகாது.

தோட்டங்களால் பல குடும்பங்கள் பிழைக்கின்றனவே என்பர் சிலர். அஃது உண்மை. இருக்கும் தோட்டங்களை அழிக்க வேண்டுவதில்லை; எஞ்சிய புல்வெளியை விட்டுவைத்தலே வேண்டுவது. அப்புல்வெளிகளும் அவற்றை அடுத்த சோலைக்காடுகளும் மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு வழங்குகின்றன. பவானி, அமராவதி முதலிய ஆறுகள் அம்மலைநீரைப் பெற்றே ஓடுகின்றன. ஆதலின், குறிஞ்சி வாழும் நிலத்தைக் காப்பது சமவெளியின் வயலைக் காப்பதுமாகும்.

மலர்ந்தபோது போற்றுதல் எவர்க்கும் எளிது. மலராதபோது காத்தலே அரிது. 2030இல் மலையேறிக் குறிஞ்சியைக் காண விழைவோர், இடைப்பட்ட ஆண்டுகளில் அப்புதர்களின் நிலை என்ன என்று கேட்கவும் கடமைப்பட்டவராவர்.