30 நாள் கழியட்டுமா?

திருத்தணி போகும் வழியில் கனகம்மாசத்திரத்தில் காப்பிக்காக இறங்கினேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டியம்மாள் பேரன் பெருமை பேசினாள்.

"பிறந்து 12 நாளாகிறது. தாம்பாளம் கீழே விழுந்தாலும் திடுக்கிடமாட்டான். அவ்வளவு சாது!"

திடுக்கிட்டவள் நான்தான். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்றேன்.

"30 நாள் கழியாமல் குழந்தை வாசற்படி தாண்டலாமா?"

பிறவியிலேயே காது மந்தமாவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கர்ப்பத்திலேயே சிசுவைப் பிடிக்கும் 'சைட்டோமெகலோ' வைரஸ். தாய்க்கு அது வந்ததே பெரும்பாலும் தெரியாது. அவள்மேல் குற்றமும் இல்லை.

கண்டுபிடிக்கச் சிறுநீரோ எச்சிலோ போதும், சகோதரிகளே! ஆனால் பிறந்த 21 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். பிறகு, தொற்று கருவில் வந்ததா, வெளியே வந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

நோயின் கடுமையைப் பார்த்து, 'வால்கான்சிக்ளோவிர்' என்ற மருந்தை முதல் மாதத்திலேயே தொடங்கி, தினம் இருவேளை வீதம் 6 மாதம் கொடுக்கிறார்கள். 6 வாரம் கொடுப்பதைவிட இதனால் செவியும் பேச்சும் ஓரளவு மேம்படுவதை 2015-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இது சர்வரோக நிவாரணியல்ல. வெள்ளணுக்கள் குறையக்கூடும், அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும்.

எல்லாம் கேட்ட பாட்டி, "நாளைக்கே திருவள்ளூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம்" என்று எழுந்தாள்.

30 நாள் வழக்கம் குழந்தையைக் காக்க ஏற்பட்டதுதான். அந்தக் குழந்தைக்காகவே ஒரு நாள் படி தாண்டினால், தணிகை முருகன் கோபித்துக்கொள்ளவா போகிறான்?