டோக்கன் நம்பர் 47

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. 'ஸ்டூடன்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்', 'ஹாஸ்டல் மேனேஜ்மென்ட்', 'சிம்போசியம் ரிஜிஸ்ட்ரேஷன்'னு ஆளுக்கு ஒண்ணு செய்துட்டிருப்பீங்க. உங்க ப்ராஜெக்டைத் திறந்து, லாகின் பண்ணி, மேலே அட்ரஸ் பாரைப் பாருங்க. கேள்விக்குறிக்குப் பிறகு 'ஐடி=47'ன்னு ஏதாவது தொங்குதா? அந்த 47-ஐ அழிச்சிட்டு 48 போட்டு என்டர் தட்டுங்க.

பக்கத்து பெஞ்ச் பையனோட மார்க், மொபைல் நம்பர், வீட்டு விலாசம், எத்தனை அரியர்... எல்லாம் வந்து நிக்குதா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான் பாஸ்!

தி.நகர் உஸ்மான் ரோடு கடைகளுக்குத் தீபாவளி சமயத்தில் போயிருப்பீங்க. வாசலில் பையை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு டோக்கன் கொடுப்பாங்க. உங்க டோக்கன் 47. திரும்பி வரும்போது டோக்கனைக்கூடக் காட்டாமல், 'அண்ணே, 48'னு சும்மா வாயால சொல்றீங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவர் எதுவும் கேட்காமல் 48-வது பையை எடுத்து நீட்டிட்டா எப்படி இருக்கும்? நம்ம வெப்சைட்டுகள் பலவும் இதைத்தான் செய்யுது. ஆள் உள்ளே வந்தாரான்னு (அதாவது லாகின்) பார்க்குது. ஆனா கேட்கிற பை அவரோடதுதானான்னு பார்க்கிறதில்லை.

தாம்பரத்துப் பையன்

'அதெல்லாம் காலேஜ் ப்ராஜெக்ட்ல நடக்கும், பெரிய கம்பெனி சைட்ல நடக்குமா?'ன்னு கேட்பீங்க. நடந்திருக்கு. அதுவும் நம்ம ஊர்ப் பையன் கண்டுபிடிச்சு!

2021 ஆகஸ்ட் கடைசி. தாம்பரத்தில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் டிக்கெட் புக் பண்ணப் போனார். போன இடத்தில் கோரிக்கையோடு போகும் ட்ரான்ஸாக்ஷன் எண் அவர் கண்ணில் பட்டது. எண்ணை மாற்றினால் வேறொருவருடைய டிக்கெட் விவரம் வந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, பிஎன்ஆர், எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி... எல்லாம். அந்தப் பயணிக்கே தெரியாமல் டிக்கெட்டை கேன்சல் செய்யவும், ஏறும் ஸ்டேஷனை மாற்றவும் வழி இருந்தது என்று அவர் சொன்னார்.

கொஞ்சம் யோசிங்க. தனியா ஊருக்குப் போகிற ஒரு பொண்ணு எந்த ரயிலில், எந்தத் தேதியில் போறாங்கன்னு முகம் தெரியாத ஒருத்தருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? 'வெறும் நம்பர்தானே'ன்னு சொல்லிட முடியுமா?

அந்த மாணவர் அதை வச்சு வேடிக்கை காட்டவில்லை. இந்திய அரசின் கம்ப்யூட்டர் அவசரநிலைக் குழுவான செர்ட்-இன்னுக்கு மெயில் தட்டினார். சில நாட்களிலேயே ஓட்டை அடைக்கப்பட்டது. செப்டம்பரில் பத்திரிகைகளில் செய்தி வந்தபோதுதான் மற்றவர்களுக்கே தெரியும்.

இன்னொரு தமிழ்நாட்டுக் கதை, 2013-ல். 21 வயது எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர் அருள்குமார், ஃபேஸ்புக்கில் யாருடைய போட்டோவையும் அழிக்க ஒரு வழியைக் கண்டுபிடித்தார். ஒரு போட்டோவை நீக்கச் சொல்லிப் புகார் செய்தால், போட்டோவின் சொந்தக்காரருக்கு ஒரு 'டெலீட்' லிங்க் போகும். அந்தக் கோரிக்கையின் யூஆர்எல்லில் இரண்டு எண்கள். ஒன்று போட்டோ ஐடி, மற்றது சொந்தக்காரரின் ப்ரொஃபைல் ஐடி. இரண்டாவதில் தன் இன்னொரு அக்கவுன்ட்டின் எண்ணைப் போட்டார். டெலீட் லிங்க் அவருக்கே வந்து சேர்ந்தது! முதலில் ஃபேஸ்புக் தரப்பு 'எங்களால இதைச் செய்து பார்க்க முடியலையே' என்றது. மார்க் ஸக்கர்பெர்க்கின் போட்டோவை வைத்தே (அழிக்காமல்!) வீடியோ எடுத்து அனுப்பினார். பரிசு 12,500 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 8 லட்சம் ரூபாய்.

2015-ல் நம்ம சென்னை லக்ஷ்மண் முத்தையாவும் இதே ஜாதி ஓட்டை ஒன்றைப் பிடித்தார். ஒரு ஆல்பத்தின் எண்ணை மட்டும் கொடுத்து மொத்த ஆல்பத்தையே காலி பண்ணலாம். அவருக்கும் 12,500 டாலர்.

சொல்லிக் கொடுத்தவர்கள் நல்லவர்களாக இருந்தது அந்தக் கம்பெனிகளின் அதிர்ஷ்டம். 2011-ல் அமெரிக்காவின் சிட்டி பேங்க்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கிரெடிட் கார்டு தளத்தில் லாகின் செய்த திருடர்கள், அட்ரஸ் பாரில் இருந்த அக்கவுன்ட் எண்ணை மாற்றி மாற்றிப் போட ஒரு புரோகிராம் எழுதினார்கள். 3,60,000-க்கும் மேற்பட்ட அக்கவுன்ட் விவரங்கள் போயின. சுமார் 27 லட்சம் டாலர் களவு போனது. 2017-ல் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவின் டெலிவரி ஆப்பிலும் கஸ்டமர் எண் 1, 2, 3 என்று வரிசையாக இருந்ததால், 22 லட்சம் பேரின் விவரம் திறந்து கிடந்தது.

இந்த வியாதிக்கு ஒரு பேர் உண்டு. 'இன்செக்யூர் டைரக்ட் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ்', சுருக்கமா ஐடோர். வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், 2007-லேயே டாப் 10 பட்டியலில் இதற்கு நாலாம் இடம் கொடுத்தது. பிறகு இதையும் உள்ளடக்கிய 'ப்ரோக்கன் ஆக்ஸஸ் கன்ட்ரோல்' என்ற பெரிய தலைப்பு 2021-ல் முதலிடத்துக்கே வந்துவிட்டது. அரியர் க்ளியர் ஆகவே இல்லை!

மூடி மறைச்சா போதுமா?

'சிம்பிள் மச்சி, நம்பரைக் குழப்பி விட்டுடலாம்'னு ஒரு ஐடியா எல்லோருக்கும் தோணும். மூணு தப்பு வைத்தியங்களைப் பார்ப்போம்.

ஒன்று, பேஸ்64. 47-ஐப் புரியாத எழுத்துகளா மாற்றி, கடைசியில் ஒரு சமன் குறியைத் தொங்கவிட்டு, 'என்கிரிப்ட் பண்ணிட்டோம் சார்'னு வைவாவில் சொல்றது. பேஸ்64 பூட்டே இல்லை. எழுத்து வடிவத்தை மாத்துற வேலை மட்டும்தான். சாவி எதுவும் தேவைப்படாமல் யார் வேணாலும் ஒரு நொடியில் திருப்பிடலாம்.

இரண்டு, எம்டி5 போன்ற ஹாஷ். இது கொஞ்சம் கெத்தா தெரியும். ஆனா அண்ணா யுனிவர்சிட்டி ரிஜிஸ்டர் நம்பரை எடுத்துக்குங்க. மொத்தம் 12 இலக்கம். முதல் 4 காலேஜ் கோடு, அடுத்த 2 சேர்ந்த வருஷம், அடுத்த 3 பிராஞ்ச் (கம்ப்யூட்டர் சயின்ஸ்னா 104), கடைசி 3 வரிசை எண். உங்க க்ளாஸ்மேட்டுக்கு முதல் 9 இலக்கமும் ஏற்கெனவே தெரியும். மிச்சம் இருப்பது அதிகபட்சம் 1,000 சாத்தியங்கள். ஆயிரத்துக்கும் ஹாஷ் போட்டுப் பார்க்க லேப்டாப்புக்கு ஒரு நொடிகூட ஆகாது. கூடவே பிறந்த தேதியைக் கேட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே பேட்ச்ல இருக்கிறவங்க பிறந்தது பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள. அப்படிப் பார்த்தா ஆயிரம் சொச்சம் தேதிகள்தான்.

மூன்று, 'கெட்'டுக்குப் பதில் 'போஸ்ட்'. அட்ரஸ் பாரில் தெரியாது, உண்மைதான். ஆனா ப்ரௌசரிலேயே இருக்கிற டெவலப்பர் டூல்ஸைத் திறந்தா எல்லாம் தெரியும், மாற்றவும் முடியும். ஹிட்டன் ஃபீல்டும் அப்படியே. ப்ரௌசரிலிருந்து வர்ற எதையும் சர்வர் நம்பக்கூடாது. இந்த ஒரு வரியை நோட்டுல எழுதிக்குங்க.

சரியான வைத்தியம்

மறுபடி தி.நகர் கவுன்ட்டருக்கு வருவோம்.

முதல் வேலை, பை யாருதுன்னு பார்க்கிறது. லாகின் செய்தவர் யார் என்பது சர்வரின் செஷனில் இருக்கும். டேட்டாபேஸில் தேடும்போது 'ஐடி 48 உள்ள ரெக்கார்டைக் கொடு'ன்னு கேட்காதீங்க. 'ஐடி 48 உள்ள, இந்த மாணவருக்குச் சொந்தமான ரெக்கார்டைக் கொடு'ன்னு கேளுங்க. ஒரே ஒரு கண்டிஷன் கூடுதல். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு டவுன்லோட் லிங்க்கிலும் இது இருக்கணும். வியூ பக்கத்தில் போட்டுட்டு பிடிஎஃப் லிங்க்கில் மறந்தா பிரயோஜனமில்லை. இன்னும் நல்லது, 'என் மார்க்' பக்கத்துக்கு ஐடியே வேண்டாம். யாருன்னுதான் சர்வருக்கு ஏற்கெனவே தெரியுமே!

இரண்டாவது, டோக்கன் வரிசையாக இருக்க வேண்டாம். 47-க்குப் பதில் நீளமான ரேண்டம் எண்ணைக் கொடுங்க. யூயூஐடி நாலாம் வகையில் 122 பிட் ரேண்டம். ஊகிச்சுப் பிடிக்க ஆயுசு போதாது. ஆனா இது கூடுதல் தாழ்ப்பாள் மட்டும்தான். லிங்க்கை யாராவது வாட்ஸப்பில் ஃபார்வர்ட் பண்ணிட்டா ரேண்டமும் ஊருக்கே தெரிஞ்சிடும். அதனால முதல் வேலையை விட்டுட்டு இதை மட்டும் செய்யாதீங்க.

மூன்றாவது, டோக்கனில் கடை முத்திரை. சில சமயம் லாகின் இல்லாதவருக்கும் லிங்க் அனுப்ப வேண்டி வரும். சிம்போசியம் சர்டிஃபிகேட் டவுன்லோட், பாஸ்வேர்ட் ரீசெட் மாதிரி. சர்டிஃபிகேட் லிங்க்கில் இருக்கிற மதிப்புகளையும், சர்வருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்து ஒரு கையெழுத்து உருவாக்கி, லிங்க் கடைசியில் ஒட்டுங்க. இதற்குப் பேர் ஹெச்மேக். வழக்கத்தில் இருக்கிற எல்லா வெப் மொழிகளிலும் ரெடிமேடா இருக்கு. 47-ஐ 48 ஆக்கினா கையெழுத்து பொருந்தாது, கதவு திறக்காது. எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அந்தக் கையெழுத்துக்குள்ளேயே வைங்க. ரீசெட் லிங்க்குக்கு ரேண்டம் எண் கொடுத்து, ஒரு தடவை பயன்படுத்தினதும் செத்துடற மாதிரி செய்யுங்க.

பணம்னா கூடுதல் ஜாக்கிரதை. 'தொகை=300'ன்னு யூஆர்எல்லில் அனுப்பினா, 3 ரூபாய் கட்டி உங்க சிம்போசியத்துக்கு வந்து பிரியாணியும் சாப்பிட்டுட்டுப் போயிடுவான். ஈவென்ட் எது என்பதை மட்டும் வாங்கிட்டு, விலையை சர்வரே டேட்டாபேஸிலிருந்து எடுக்கணும். பேமென்ட் கேட்வே திருப்பி அனுப்பும் பதிலில் இருக்கும் கையெழுத்தையும் சரிபார்க்கணும்.

பூட்டுப் படம் போட்டிருக்கே?

ஹெச்டிடிபிஎஸ் இருந்தா வழியில் யாரும் யூஆர்எல்லின் உள்விவரத்தைப் படிக்க முடியாது. சரிதான். ஆனா போய்ச் சேர்ந்த பிறகு? முழு யூஆர்எல்லும் சர்வர் லாகில் பதியும். காலேஜ் லேப் கம்ப்யூட்டரின் ஹிஸ்டரியில் உட்காரும். பக்கத்தில் வேறு கம்பெனியின் விளம்பரமோ ட்ராக்கரோ இருந்தா அங்கேயும் போய்ச் சேரலாம்.

2015 ஜனவரியில் அமெரிக்க அரசின் ஹெல்த்கேர் தளத்தில் இதுதான் நடந்தது. விண்ணப்பித்தவரின் வயது, வருமானம், புகை பிடிப்பவரா, கர்ப்பிணியா என்பதெல்லாம் யூஆர்எல்லில் எழுதப்பட்டு, விளம்பரக் கம்பெனிகளின் சர்வர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் எதையும் ஹேக் பண்ணவில்லை. சைட்டே தூக்கிக் கொடுத்தது! 2020, 2021-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் வேறு தளத்துக்குப் போகும்போது முழு முகவரியைச் சொல்லாமல் இருக்கப் பழகின. ஆனாலும் பக்கத்துக்குள்ளேயே ஓடும் ட்ராக்கர் முழு யூஆர்எல்லைப் படிக்கும். அதனால பாஸ்வேர்ட், ஓடிபி, ஆதார் எண், மொபைல் எண் இதெல்லாம் யூஆர்எல் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை

இதைப் படிச்சதும் சிலருக்கு விரல் அரிக்கும். 'நம்ம காலேஜ் சைட்ல ட்ரை பண்ணிப் பார்ப்போமே!' வேண்டாம் பாஸ். அனுமதியில்லாமல் அடுத்தவர் சிஸ்டத்தில் நுழைந்து விவரம் எடுப்பது ஐடி சட்டம் 43, 66 பிரிவுகளில் வரும். 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பதில் வேற இன்டர்வியூ நடக்கும். உங்க ப்ராஜெக்ட்டில், உங்களோட இரண்டு டெஸ்ட் அக்கவுன்ட்டை வச்சு ட்ரை பண்ணுங்க. வேறு தளத்தில் எதேச்சையா கண்ணில் பட்டா, அங்கேயே நிறுத்திட்டு, எதையும் டவுன்லோட் பண்ணாமல், அந்தத் தளத்துக்கோ செர்ட்-இன்னுக்கோ எழுதுங்க. தாம்பரத்துப் பையன் செய்தது அதைத்தான்.

வைவாவுக்கு முன்னாடி ஐந்து நிமிஷம்

* இரண்டு அக்கவுன்ட் உருவாக்குங்க. ஒன்றின் லிங்க்கை மற்றதில் ஒட்டுங்க. திறந்தா ஃபெயில்.
* லாக் அவுட் செய்துட்டு அதே லிங்க்கை ஒட்டுங்க. திறந்தா டபுள் ஃபெயில்.
* பிடிஎஃப், போட்டோ, எக்ஸெல் லிங்க்குகளுக்கும் இதே டெஸ்ட்.
* யூஆர்எல்லில் மொபைல் நம்பர், பிறந்த தேதி, தொகை இருந்தா உடனே எடுத்துடுங்க.
* ரகசியச் சாவியை ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீங்க. அது பூட்டுப் பக்கத்திலேயே சாவியை மாட்டி வைக்கிற வேலை.

உங்க ப்ராஜெக்ட்டில் இருக்கிறது டெஸ்ட் டேட்டாவா இருக்கலாம். ஆனா டிபார்ட்மென்ட் ஹெச்ஓடி 'நல்லாருக்கே, நாமளே யூஸ் பண்ணலாம்'னு சொல்லிட்டா, அடுத்த வருஷம் அதில் ஏறப்போவது உங்க ஜூனியர்களோட நிஜ மொபைல் நம்பர். அவங்க பையை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துடாதீங்க.

அடுத்த வாரம்: டேட்டாபேஸில் பாஸ்வேர்டை எப்படி வைக்கணும், எப்படி வைக்கவே கூடாது!