போடிங்கில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு

பதுளை டவுனில் ரூம் எடுத்து இருக்கும் இளம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள், பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வந்து கடைகளில் நிற்பவர்கள் என்று எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காலையில் போய் இரவில் வருகிறார்கள். கதவு சாத்தினால் சாத்தியதுதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டிய அந்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மேலே மண் இறங்குகிறது என்று யாரோ கத்தினார்கள். வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கு ஓடினோம். முன்வீட்டுச் சிங்கள அம்மாவை என் தம்பிதான் தூக்கி வந்தான். விடிந்த பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது: பின்பக்க அனெக்ஸில் இரண்டு பொடியன்மார் இருக்கிறார்களே! ஓடிப் போய்ப் பார்த்தால், மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் தூங்கியிருக்கிறார்கள். மண் அந்தப் பக்கம் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆறு மாதம் முகத்தைக் கண்டும் பெயரைக் கூடக் கேட்காத வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, எத்தனை பேரைக் காணவில்லை என்ற கணக்கே மாறி மாறி வந்தது. அப்படியான நேரத்தில், இந்த வீட்டில் இன்னார் இருந்தார் என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டார் வேண்டும்.

"கொஞ்ச மாதம் இருந்துவிட்டுப் போகிறோம், எதற்குப் பழக்கம்?" என்று கேட்பீர்கள். மண்சரிவு உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து வருவதில்லை. நடுச்சாமக் காய்ச்சலும் அப்படித்தான். 1990க்கு எடுத்தால் எந்த இடம் என்றுதான் கேட்பார்கள். ஒழுங்கையின் பெயரே தெரியாத பிள்ளை என்ன சொல்லும்?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பயம்: பழகினால் கதை கட்டுவார்கள். அது வெறும் பயம் இல்லை, எங்கள் ஊர் வாய் அப்படி. அதனால் சொந்தக் கதை எதுவும் சொல்ல வேண்டாம். பகலில் போய், பக்கத்து வீட்டு உம்மாவிடமோ அக்காவிடமோ பெயரையும் நம்பரையும் கொடுத்து, அவர்களுடையதையும் வாங்கி வாருங்கள். அவ்வளவு போதும்.

லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கொத்தமல்லி அவியும். டவுனுக்கு வந்ததும் அதை ஏன் விட வேண்டும்?

ஆனால் முழுப் பாரத்தையும் பிள்ளைகள் தலையில் வைக்க முடியாது. புதிதாக வந்தவர் கூச்சப்படுவார். முதலில் கதவைத் தட்ட வேண்டியது ஊர்க்காரர்களான நாங்கள்தான். குர்ஆன் (4:36) உறவான அயலவரோடு அந்நியரான அயலவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயல் வீட்டுக்கும் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். சொந்த வீடா வாடகை வீடா, எந்தச் சாதி, எந்த மதம் என்று அதில் கேள்வி இல்லை. நோன்புக் கஞ்சி அனுப்பும்போது அனெக்ஸ் கதவையும் தட்டுங்கள்.

அந்தப் பொடியன்மார் இருவரின் நம்பரும் இப்போது என் போனில் இருக்கிறது. ஒருவர் மொனராகலை, மற்றவர் ஹப்புத்தளை. உங்கள் வீட்டுப் பின் ரூமில் இருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று பின்னேரமே கேட்டுவிடுங்கள்.