பிசிறொலிப் பெட்டியும் எமது ஆய்வுகூடமும்

விழா மலருக்கு எழுதப் புகுவோர் கல்லூரியின் பண்டைப் பெருமையை விரித்துரைத்தல் வழக்கம். அப்பணியைத் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மலரிற் செய்திருப்பர் என்னுந் துணிவினால், யாம் மின்கிற்றாரோடு இணைக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றி எழுதத் தலைப்பட்டோம். அதன் ஆளியைக் காலால் அழுத்தினாற் கிற்றாரின் தெளிந்த நாதம் கரகரத்துப் பிசிறடையும். மேனாட்டார் அதனை 'ஃபஸ்' என்பர்; யாம் பிசிறொலிப் பெட்டி என்போம். மின்னணுவியலிற் புகும் மாணவன் தன் கையால் முதன்முதல் அமைக்கத்தக்க சுற்று இதுவே என்பது எமது துணிபு.

இந்நாதம் ஒரு பழுதிலே பிறந்தது. மார்ட்டி ராபின்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் 'டோன்ட் வொரி' என்ற பாடல் 1961இல் வெளிவந்தது. நாஷ்வில் நகரில் அதனை ஒலிப்பதிவு செய்தபோது கருவியின் ஒரு பகுதி கெட்டு, கிரேடி மார்ட்டின் வாசித்த தந்தியோசை சிதைந்து பதிவாயிற்று. அதனை அவர்கள் அழித்துவிடவில்லை. அங்கிருந்த ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னோடி அச்சிதைவை வேண்டும்போது உண்டாக்கும் சுற்றொன்றைப் பின்னர் மற்றொருவர் துணையோடு அமைத்தார். அது 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சற்றிஸ்ஃபக்‌ஷன்' பாடலிற் கையாண்ட பின்னரே அதற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. அடுத்த ஆண்டு இலண்டனில் ஆர்பிற்றர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்', ஜிமி ஹென்றிக்ஸின் காலடியிற் கிடந்து புகழ்பெற்றது. யாம் முதலிற் கட்டியது இதன் வழிவந்த சுற்றையே.

அதன் உள்ளுறுப்புக்கள் மிகச் சில: திரான்சிற்றர் 2, தடையி 4, கொள்ளளவி 3, திருகி மாற்றுந் தடையி 2. கிற்றாரின் காந்தச் சுருள் தரும் மெல்லிய மின்னலையை முதலாந் திரான்சிற்றர் பெருக்கி இரண்டாவதற்கு அளிக்கும். அது மேலும் பெருக்கும். ஆயின் 9 வோல்ற்று மின்கலத்தால் இயங்குஞ் சுற்றிலே அலை அவ்வெல்லைக்கு மேல் எழ வழியில்லை. முகடுகள் கூரையில் முட்டித் தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையிலே மூல சுரத்தோடு மேற்றொனிகள் பலவும் எழும், அதுவே பிசிறு. பாடநூல் எதனை நேராது காக்க என்று எச்சரிக்கின்றதோ அதனையே இங்கு வேண்டி உண்டாக்குகின்றோம்.

பண்ணிசை பயிலும் கல்லூரியில் இவ்விரைச்சல் எதற்கு எனச் சிலர் முகஞ் சுளிப்பர். தம்புராவின் தந்திக்குக் கீழே நூலைச் செருகி அதனை ரீங்கரிக்கச் செய்வதும் மேற்றொனிகளின் பொருட்டே என்பதை அவர்கள் நினைவுகூர்வாராக.

உயர்தர வகுப்பிலே திரான்சிற்றர் பற்றிய வினாக்களுக்கு யாம் முழுப்புள்ளி பெற்றதுண்டு. அப்பொருளைக் கையில் எடுத்துப் பார்த்ததோ கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னராகும். காலி, அடி, சேகரிப்பான் என மூன்று கால்களையும் தாளில் வரைய அறிந்திருந்தோம். கையிலிருந்த கரிய துண்டில் எது எக்கால் என்பதை அறிந்திலோம். கடைக்காரர் யாம் கேட்ட இலக்கத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தந்து, 'எல்லாம் ஒன்றுதான்' என்றார். அதன் கால்களின் வரிசை மறுதலையானது. பற்றாசு பிடித்து, மின்கலத்தை இணைத்து, தந்தியை மீட்டினோம். இருமலொன்று கேட்டது, பின்னர் அதுவுமில்லை.

மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தன. பெட்டியை வீசிவிட எண்ணியதும் உண்மை. நான்காம் இரவு இரவல் வாங்கிய பல்மானியை இரண்டாந் திரான்சிற்றரின் சேகரிப்பான் எனக் கருதிய காலில் வைத்தோம். மின்கலத்தின் அரைப்பங்காகிய 4.5 வோல்ற்று அளவு இருத்தல் வேண்டிய இடத்திலே ஒரு வோல்ற்றுக்குச் சற்று மேலேயே இருந்தது. அவ்வெண்ணே எம்மைக் கால்களிடத்துக்கு இட்டுச் சென்றது. திருப்பி வைத்ததும் எழுந்த முழக்கத்தால் வீட்டார் விழித்துக்கொண்டனர். ஓமின் விதியை யாம் உண்மையிற் கற்றது அன்றிரவுதான்.

யேர்மானியந் திரான்சிற்றரே மெய்யான நாதந் தரும் என வாதிப்போர் உளர். அதன் பிசிறு மென்மையானது என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் வெப்பம் ஏற ஏற அதனுட் கசியும் மின்னோட்டம் பெருகும். நம் நாட்டுச் சித்திரை வெயிலிலே காலையில் இனித்த பெட்டி மதியத்தில் முனகும். விலையும் அதிகம். தொடங்குவோருக்குச் சிலிக்கனே சாலும்.

இச்சுற்றை நாம் விதந்துரைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 9 வோல்ற்று மின்கலம் எவரையும் தாக்காது. பிழை நேரின் செவி உடனே அறியும். ஆசிரியர் வந்து புள்ளியிடும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. எல்லா உறுப்புக்களையும் ஒழுங்குபடுத்தி, படிமுறைத் தாளும் வைத்து விற்கும் தொகுதிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கொண்டு எமது நண்பர் ஒருவரின் மைந்தன் ஒரு மாலையிலேயே பெட்டியைச் செய்து முடித்தான். நன்றாகவே முழங்கியது. ஒரு தடையியைக் காட்டி அஃது ஏன் அங்குள்ளது என வினவினோம். 'தாளில் அப்படித்தான் இருந்தது' என்றான்.

விழா நிதியிலிருந்து வளைவு கட்டவும் மண்டபத்துக்கு வர்ணம் பூசவும் திட்டமிருப்பதாகக் கேள்வியுற்றோம். அவற்றுக்கு யாம் எதிரிகளல்லேம். ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலே மேசை ஒன்று, சூட்டுக்கோல் நான்கு, பல்மானி இரண்டு, உதிரி உறுப்புக்கள் ஒரு பெட்டி, இவ்வளவே யாம் வேண்டுவன. வெள்ளி மாலை பூசைக்குரியது. ஆதலின் வியாழன் மாலைகளில் இரண்டு மணிநேரம் அம்மூலை திறந்திருக்கட்டும். பொருள்கள் கருகும், அதற்காக எவரையும் கடிந்துகொள்ளலாகாது. சூட்டுக்கோல்களை யாம் தருகின்றோம். கால்கள் மாறிப் பற்றாசு பிடித்த தழும்போடு எமது பழைய பெட்டியும் வரும்.