முதல் அரைமணி நேரம்

வெடிவிபத்து நேர்ந்தவுடன் சர்க்கார் அனுதாபம் தெரிவிப்பதும் உதவித்தொகை அறிவிப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சிகளாகும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2023 அக்டோபர் 17-ல் எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்திலும் ஏழைத் தொழிலாளர் பலர் மாண்டனர். உயிரோடு மீட்கப்பட்டோரை முதலில் கவனிக்க வேண்டியவர் யார்? பெரிய வைத்தியரல்லர், அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே.

அவர் அறியவேண்டுவன அரிய சாஸ்திரமல்ல. தீப்புண்ணில் இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஓடவிடுதல். வீக்கம் காணுமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றுதல். மையும் மஞ்சளும் பூசவொட்டாது சுத்தமான துணியால் மூடுதல். உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்துதல் ஆகியவையே. இவற்றினும் பெரிது தீர்மானம். வண்டி ஒன்று, காயம்பட்டவரோ பலர். அலறுகிறவரையே கூட்டம் முதலில் ஏற்றும். முகம் கருகி, குரல் கம்மி, மௌனமாய்க் கிடப்பவருக்கோ வீக்கத்தால் சுவாசக்குழல் அடைபடக்கூடும். அவரையன்றோ முந்தி அனுப்ப வேண்டும்?

இதைக் கண்டறியச் செவிலியருக்கு இடைவிடாத பயிற்சி வேண்டும். கண்டதைச் சொன்னால் பிறர் கீழ்ப்படியும் அதிகாரமும் வேண்டும். இவ்விரண்டையும் சர்க்கார் உத்தரவு மூலம் வழங்குமாறு வற்புறுத்துகிறோம். அந்நேரத்தில் கூட்டத்தை விலக்கி, செவிலியரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்பதே ஊர்த் தொண்டர்களின் கடமையாகும்.